தடிக்காத கையும் வீங்கிய கழுத்தும்

இளம் மருத்துவர்களே,

உயிரணுக்களுக்குள் புகுந்து வாழும் நுண்ணுயிர்களை டி உயிரணுக்கள் எவ்வாறு எதிர்க்கின்றன என்பது குறித்து அரைமணி நேரம் பேசுமாறு என்னை அழைத்தீர்கள். எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். ஒலிவாங்கியின் முன் நிற்கும் ஓய்வுபெற்ற மருத்துவர் தம் வெற்றிகளை மட்டுமே பேசுவார். இடையில் கைத்தட்டல் கிடைத்துவிட்டால், பிழைத்த நோயாளிகளின் எண்ணிக்கையையும் சற்றே கூட்டிவிடுவார். தாளின் முன் அமரும்போது அந்த வசதி குறைவு.

பாடநூற் செய்தியை முதலில் முடித்துவிடுகிறேன். நீங்கள் தேர்வெழுதித் தேறியவர்கள், ஆகவே மறந்திருப்பீர்கள்.

எதிர்ப்பொருள் என்பது குருதியில் ரோந்து சுற்றும் காவலர். தெருவில் திரியும் கிருமியைத் தயங்காமல் பிடிப்பார். கிருமி ஒரு வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டதென்றால், தம் எல்லைக்கு உட்பட்டதன்று எனக் கருதிக் கடந்து போய்விடுவார். காசநோய்க் கிருமி நுழையும் வீடோ வியப்புக்குரியது. கிருமிகளை விழுங்கிச் செரிப்பதற்கென்றே அமர்த்தப்பட்ட பெருவிழுங்கணுதான் அது. விழுங்குகிறது, செரிப்பதில்லை. கோப்பைப் பெற்றுக்கொண்டு, முத்திரையிட்டு, மேசையறையில் வைத்துப் பூட்டிவிட்டுத் தேநீர் அருந்தப் போகும் அலுவலரை நீங்கள் கண்டிருப்பீர்கள். கண்டிராவிடில் விரைவில் காண்பீர்கள்.

அந்த அலுவலரிடம் ஒரே ஒரு நற்குணம் உண்டு. பூட்டிய அறைக்குள் என்ன கிடக்கிறது என்பதற்கு அடையாளமாக ஒரு சிறு துணுக்கைத் தம் வாசலில் நீட்டி வைப்பார். அதை வாசிக்கத் தெரிந்தது டி உயிரணு ஒன்றே. உதவி டி உயிரணு தன் கையால் கிருமியைக் கொல்வதில்லை; கோப்பை எடுத்து இன்றே முடிக்குமாறு ஆணை பிறப்பிக்கிறது. ஆணை கிடைத்ததும் பெருவிழுங்கணுவுக்குத் தன் பணி நினைவுக்கு வருகிறது. கொல்லும் டி உயிரணுவுக்கு இத்துணைப் பொறுமை கிடையாது. அது வீட்டோடு சேர்த்தே கொளுத்திவிடும். இத்தனை ஆரவாரம் நடக்கும் இடம் தடிக்காமல், வீங்காமல், காயாமல் இருக்குமா? நாம் நோய் என்று தொட்டுப் பார்க்கும் வீக்கத்தில் ஒரு பெரும்பகுதி நம் படையின் கூச்சல். இந்த ஒரு வரியை மட்டும் நினைவில் வையுங்கள். இதை அறிந்திருந்தும் நான் இரு முறை தடுமாறினேன். முதல் முறை, வீக்கம் இல்லாத இடத்தில்.

நான் பணியாற்றியது ஓர் அறக்கட்டளை நடத்திய மருத்துவமனையில். திண்டிவனத்தை அடுத்து இருந்தது, இன்று இல்லை. ஆகவே பெயர் வேண்டாம். அங்கே காசநோய்க்கான தோல் சோதனை நாள்தோறும் நடந்தது. கிருமியின் புரதத்தில் ஒரு துளியை முன்கைத் தோலுக்குள் செலுத்துவோம். முன்பே அக்கிருமியைச் சந்தித்த டி உயிரணுக்கள் உடலில் இருந்தால் இரண்டு மூன்று நாட்களில் அங்கே திரண்டு வந்து தோலைத் தடிக்கச் செய்யும். அத்தடிப்பை விரலால் தடவி, அளவுகோல் வைத்து அளக்க வேண்டும்.

எங்கள் மருத்துவமனையில் இதற்கென ஒரு மரபு உருவாகியிருந்தது. தடிப்பு இல்லையெனில் பதிவேட்டில் குத்துவதற்கு 'எதிர்மறை' என்றொரு இரப்பர் முத்திரை இருந்தது. தடிப்பு இருந்தாலோ அளவைக் கையால் எழுதி, மருத்துவரின் கையொப்பம் பெற்று, மூன்று படிகளில் தனிப் படிவம் நிரப்பி, வீட்டில் உள்ளோர் அனைவரையும் வரவழைத்துச் சோதிக்க வேண்டும். விளைவை நீங்களே ஊகிக்கலாம். எங்கள் வட்டாரத்தில் காசநோய் ஆண்டுதோறும் குறைந்தது. விழுப்புரத்தில் நடந்த நிருவாகக் கூட்டத்தில் அதற்காக எங்களுக்குச் சந்தன மாலை அணிவித்தார்கள். ஞாயிற்றுக்கிழமையில் வாசிக்க வேண்டிய சோதனைகளுக்குச் சனிக்கிழமை மாலையே முத்திரை குத்திவிடும் அளவுக்கு எங்கள் தொலைநோக்கு வளர்ந்திருந்தது.

இந்தச் சிறுமையில் எனக்குப் பங்கில்லை என்று அப்போது இறுமாந்திருந்தேன். ஏனெனில் நான் கையால் தொட்டே வாசிப்பேன். அளவுகோல் வைத்தே அளப்பேன். என் பிழை முத்திரையால் வந்ததன்று. சரியாக அளந்ததால் வந்தது.

பெருமுக்கல்லைச் சேர்ந்த அஞ்சலாட்சி என்ற அம்மையார் ஐந்து வாரக் காய்ச்சலோடு வந்து சேர்ந்தார். வயது நாற்பதை ஒட்டி இருக்கும். கணவர் ஏழுமலையும் அவரும் சொந்த நிலத்தில் மல்லாட்டை எனும் நிலக்கடலை பயிரிடுபவர்கள். மேல்மருவத்தூர் வரை போய் மூன்று மருத்துவர்களைப் பார்த்தாயிற்று. டைபாய்டு என்று இருவரும், வைரஸ் என்று ஒருவரும் கூறியிருந்தார்கள். நான் ஊடுகதிர்ப் படம் எடுத்தேன். தெளிவாக இருப்பதாகத் தோன்றியது. கபத்தில் கிருமி தென்படவில்லை. தோல் சோதனை செய்தேன். மூன்றாம் நாள் அவருடைய முன்கையை வெளிச்சத்தில் பிடித்துத் தடவினேன். பூச்சி கடித்த அளவுக்குக்கூடத் தடிப்பில்லை. பூச்சியம். குறிப்பேட்டில் 'காசநோய் இல்லை' என்று சிவப்பு மையில் எழுதி இரண்டு அடிக்கோடு இட்டேன். ஒரு கோடு போதுமானது. இரண்டாவது கோடு முந்தைய மூன்று மருத்துவர்களுக்காக.

அப்பிரிவின் மூத்த செவிலி அருகில் நின்றிருந்தார். தம் பெயரை எழுதக் கூடாது என்று பின்னாளில் கேட்டுக்கொண்டதால் செவிலி என்றே குறிப்பிடுகிறேன். நான் அளவுகோலைப் பையில் வைத்த பின் அவர் தம் பெருவிரலால் அதே இடத்தைத் தடவிப் பார்த்தார். நோயாளி நகர்ந்த பின் என்னிடம் வந்தார்.

"சார், இந்தப் பூஜ்யம் இடிக்குது சார்."

பூச்சியம் எவரையும் இடிக்காது என்றேன்.

"இந்த வார்டுல வேல செய்யற எனக்கு வீங்குது. கேட்டுல குந்திக்கினு இருக்கிற வாட்ச்மேனுக்கு வீங்குது. அந்தம்மா மாமியாருக்கு மூணு வருசத்துக்கு முந்தி இதே நோயி. கூடவே படுத்துக்கினு பாத்தவங்க. அவங்களுக்கு ஒண்ணுமே காட்டலன்னா, கிருமி இல்லியா, இல்ல கேக்கறதுக்கு உள்ள ஆள் இல்லியா?"

மாமியாரின் நோயை நான் கேட்டறியவில்லை. கேட்டறியாததை ஒப்புக்கொள்ளும் மனநிலையும் அன்று எனக்கு இல்லை. ஐயம் வேறு, அளவீடு வேறு என்று நல்ல தமிழில் ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அஞ்சலாட்சியை டைபாய்டு மருந்தோடு வீட்டுக்கு அனுப்பிவைத்தேன்.

அந்தச் செவிலி கேட்டதை இன்று உங்களுக்குப் பாடமாகவே சொல்கிறேன். தோல் சோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமியை அறிந்த டி உயிரணு இருக்கிறதா, அதற்கு வரும் வலு இருக்கிறதா என்று மட்டுமே கேட்கிறது. நோய் உடலெங்கும் பரவி முற்றிய நிலையிலும், வேறு மருந்தோ நோயோ அவ்வுயிரணுக்களை அடக்கிவைத்த நிலையிலும் யாரும் வரமாட்டார்கள். காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் அழைக்கிறோம், எவரும் எடுக்கவில்லை, ஆகவே ஊரில் திருட்டே இல்லை என்று எழுதி அடிக்கோடு இடுகிறோம். நான் இரண்டு இட்டேன்.

பன்னிரண்டு நாட்கள் கழித்து ஏழுமலை ஒரு சரக்குந்தில் மனைவியைப் படுக்க வைத்துக் கொண்டுவந்தார். "மூஞ்சி நல்லாப் பூரிச்சிக்கினுதான் இருக்குது சார். ஊர்ல அல்லாரும் ஒடம்பு தேறிட்ச்சின்னு சொல்றாங்க. ஆனா எழுந்து நிக்க முடியல" என்றார்.

முகம் முழுநிலவாய் உப்பியிருந்தது. கைகால்கள் குச்சிகளாய் இருந்தன. முகத்தை மட்டும் பார்த்து ஊரார் வாழ்த்தியிருக்கிறார்கள். முன்கையை மட்டும் பார்த்து நானும் அதையே செய்திருக்கிறேன். இப்படி உப்பிய முகத்தைக் கண்டால் வலி மாத்திரையைப் பற்றித்தான் முதலில் கேட்க வேண்டும்; மூட்டுவலிக்கு ஏதேனும் சாப்பிடுகிறீர்களா என்று அப்போதுதான் கேட்டேன். அஞ்சலாட்சி இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். மருந்துக்கடையில் சீட்டின்றிக் கட்டித்தரும் 'செட்டு' மாத்திரைகள். எட்டு மாதங்களாக விழுங்கிவருகிறார். அவற்றுள் சிறிய வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டு. வலியைத் தணிக்கும், பசியைத் தூண்டும், முகத்தைப் பூரிக்கச் செய்யும், கூடவே டி உயிரணுக்களைத் தாலாட்டி உறங்கவைக்கும்.

"அது மருந்து இல்ல சார், வலி மாத்திர. அதான் மருந்து இன்னா சாப்படறன்னு நீங்க கேட்டப்போ சொல்லல" என்றார் அவர். குற்றம் கேட்டவனுடையது.

புதிய ஊடுகதிர்ப் படத்தை விளக்குப் பலகையில் மாட்டினேன். நான் வாய் திறக்கும் முன் படுக்கையில் கிடந்தவாறே அவர் சொன்னார்: "இன்னா சார் இது, களத்துல கேப்ப எறைச்சாப்புல கீது?"

நுரையீரல் முழுதும் கேழ்வரகு மணிகள் போன்ற புள்ளிகள். பழைய படத்தை எடுத்து அருகில் மாட்டினேன். மங்கலாக, அதிலும் இருந்தன. அன்று படத்தை நான் பார்க்கவில்லை என்பதில்லை, பார்த்தேன். ஆயினும் கையில் பூச்சியம் வந்தபின் அதை மீண்டும் எடுத்துப் பார்க்க என்ன தேவை? நோய் உடலெங்கும் இறைந்து கிடந்ததைப் பெருமுக்கல் உழவர் ஒருவர் படுத்துக்கொண்டே வாசித்துவிட்டார். கபத்தை மூலக்கூற்றுச் சோதனைக்கு அனுப்பினோம். கிருமி இருப்பதும், முதன்மை மருந்துக்கு அது கட்டுப்படுவதும் உறுதியாயின. எச்.ஐ.வி.யும் நீரிழிவும் இல்லை.

மருந்து தொடங்கினோம். ஸ்டீராய்டை அன்றே நிறுத்த வேண்டுமென மருத்துவமனைக் கண்காணிப்பாளர் துடித்தார். அவர் நிருவாகத்தில் பட்டம் பெற்றவர்; நிறுத்துவது அவருக்குப் பிடித்தமான செயல். எட்டு மாதம் அதை நம்பியிருந்த உடலிலிருந்து ஒரே நாளில் பிடுங்கினால் குருதியழுத்தம் சரிந்து உயிர் போகும் என்று விளக்கி, வாரவாரம் சிறிது சிறிதாகக் குறைத்தேன். காய்ச்சல் இறங்கியது. மூன்றாம் வாரம் எழுந்து நடந்தார். முகத்தின் பூரிப்பு வடிந்தது. உடம்பு இளைத்துவிட்டதென்று ஊரார் வருந்தினார்களாம்.

இரண்டாம் தடுமாற்றம் ஏழாம் வாரத்தில் வந்தது. நலமாகிக்கொண்டிருந்த அஞ்சலாட்சிக்குக் காய்ச்சல் மீண்டும் ஏறியது. கழுத்தின் வலப்புறம் எலுமிச்சையளவில் ஒரு கட்டி எழுந்தது. ஊசியால் நீர் எடுத்துச் சாயமிட்டுப் பார்த்தோம். கிருமிகள், செக்கச்செவேலென்று.

விழுப்புரத்து மாதக் கூட்டத்தில் இதைக் கண்காணிப்பாளர் எடுத்துவைத்தார். மருந்து தோற்றுவிட்டது, உடனே கடுமையான வேறு மருந்துகளுக்கு மாற்ற வேண்டும் என்பது ஒரு தரப்பு. அம்மருந்துகள் காதையும் நரம்பையும் கெடுக்கக்கூடியவை. மூவர் குழு அமைக்கலாம் என்பது மறுதரப்பு. குழுவில் யார் யார் என்பதில் நண்பகல் வரை கழிந்தது. நான் எழுந்து, கண்ட கிருமிகள் உயிருள்ளவையா, இறந்தவையா என்று கேட்டேன். அந்தச் சாயம் ஆளையும் பிணத்தையும் ஒரே நிறத்தில் காட்டும். டி உயிரணுக்கள் விழித்தெழுந்து, பதுங்கியிருந்த கிருமிகளைக் கொன்று குவித்த களமாகவும் அக்கட்டி இருக்கலாம்; மருந்துக்கு அடங்காத கிருமி பெருகும் கூடாரமாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே கட்டி. வளர்ப்புச் சோதனையில் ஆறு வாரம் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

"ஆறு வாரம் வரைக்கும் ரிப்போர்ட்ல என்ன சார் போடறது?" என்றார் கண்காணிப்பாளர். அவர் கவலை அவருக்கு.

இளம் நண்பர்களே, அவசரப்பட்டு ஏதேனும் செய்வது எளிது. செய்தால் எவரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். செய்துகொண்டிருப்பதையே மாற்றாமல் செய்வதற்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். முதல் சோதனையில் மருந்துக்குக் கட்டுப்பட்ட கிருமி. ஸ்டீராய்டு குறைந்த அதே வாரங்களில் எழுந்த வீக்கம். காய்ச்சல் இருந்தும் ஏறிய உடல் எடை. இவற்றைக் கொண்டு அது படையின் கூச்சல்தான் எனக் கணித்தேன். கணிப்புத்தான். பழைய மருந்தையே தொடரச் சொன்னேன்.

நான் தொடரச் சொன்னேன், அஞ்சலாட்சி நிறுத்திவிட்டார்.

இதை நாங்கள் அறிந்தது கணினியால் அன்று. நோயாளி மாத்திரையை உறையிலிருந்து பிதுக்கினால் அதன் அடியில் ஒரு தொலைபேசி எண் தெரியும். அதற்கு அழைத்துத் துண்டித்தால் அன்றைய மருந்து விழுங்கப்பட்டதெனக் கணினி ஏற்றுப் பச்சை நிறம் காட்டும். அஞ்சலாட்சியின் பெயருக்கு நேராக எந்நாளும் பச்சை. பிரிவிலேயே சிறந்த நோயாளி என்று கண்காணிப்பாளர் அவரைப் பாராட்டிக்கொண்டிருந்த காலையில், அதே ஊரிலிருந்து வந்த வேறொருவர், அந்த அம்மா கழுத்தில் பச்சிலை வைத்துக் கட்டியிருக்கிறார் என்று செவிலியிடம் பேச்சுவாக்கில் சொன்னார். செவிலி என்னிடம் வந்தார்; திரையைப் பார்க்கவே இல்லை. போகலாம் சார் என்றார். இம்முறை நான் சொற்பொழிவு ஆற்றவில்லை.

மரக்காணம் சாலையில் பெருமுக்கல் மலை தெரியும் இடத்தில் இறங்கி நடந்தோம். வீட்டின் முன்னறையில் அஞ்சலாட்சி விதைக்காக மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் பச்சைப் பற்று. அருகே ஏழுமலை. எங்களைக் கண்டதும் அவர் எழுந்து போய் ஒரு பிஸ்கட் தகர டப்பாவைக் கொண்டுவந்து, கேளாமலே திறந்து காட்டினார். ஒன்பது நாள் மாத்திரைகள். நாள்தோறும் தவறாமல் பிதுக்கி, எண்ணுக்கு அழைத்து, டப்பாவில் போட்டிருக்கிறார்.

"போன் பண்ணாட்டி நீங்க கோச்சிக்குவீங்கன்னுதான் சார்" என்றார்.

"வாங்க டாக்டரே, குந்துங்க" என்றார் அஞ்சலாட்சி. "மோர் குடிங்க. மாத்திரய பத்தி மட்டும் பேசாதீங்க."

நான் பேசினேன். உறங்கிக்கிடந்த நோயெதிர்ப்பு உயிரணுக்கள் விழிப்புற்று, நோய்நுண்மங்கள் கரந்துறையும் இடங்களைக் கண்டறிந்து தாக்குவதன் புறவெளிப்பாடே இவ்வீக்கம் என்று, பிழையற்ற வாக்கியங்களில், ஏறத்தாழ ஐந்து மணித்துளிகள். ஏழுமலை கவனமாகக் கேட்டுவிட்டுச் செவிலியின் பக்கம் திரும்பினார்.

"இன்னா சிஸ்டர், ஆப்ரேசன் பண்ணணுங்கிறாரா?"

"இல்லண்ணா. ஒடம்புல கீற ஆளுங்க இத்தினி நாளு தூங்கிக்கினு இருந்தாங்க. அந்த வெள்ள மாத்திர தூங்க வச்சிருந்துச்சி. இப்ப எழுந்துக்கினு, கிருமி பூந்துகினு கீற எடத்தத் தேடி அடிக்கிறாங்க. அதான் வீங்குது, ஜொரம் அடிக்குது."

அஞ்சலாட்சி உரிப்பதை நிறுத்தினார். "வரப்புல எலி பூந்துகிச்சின்னா வரப்ப வெட்டாத புடிக்க முடியாது. அது எனுக்கும் தெரியும் சிஸ்டர். ஆனா இப்ப வரப்பு ஒடையறது, எலி புடிக்கிறவன் வெட்டறதாலயா, இல்ல எலியே இன்னம் பெருசா தோண்டிக்கினு போவுதா? அத்த யாரு பாத்தது?"

முப்பது ஆண்டுகள் மாணவர்களிடம் வாய்மொழித் தேர்வு நடத்தியவன் நான். இவ்வளவு துல்லியமாக ஒரு வினாவை நான் கேட்டதில்லை. மூவர் குழுவும் கேட்கவில்லை. அவர் விடுவதாய் இல்லை.

"மொத தபா நோயி இல்லன்னு செவப்புல எழுதுனீங்க. ரெண்டாவது தபா கீதுன்னீங்க. மாத்திர தின்னா நல்லாயிடும்னீங்க. தின்னப்புறந்தான் கழுத்து வீங்குச்சி. இப்ப வீங்குறதே நல்லதுதான்னு சொல்றீங்க. நான் எந்தப் பேச்ச நம்பறது டாக்டரே?"

அவருடைய உயிர் அந்த வினாவில் தொங்கியது. மருந்தை இடையில் விட்டால், விழித்த படை ஆயுதமின்றி நிற்கும்; அரைகுறையாய் அடிபட்ட கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறவும் கூடும். அவர் மருந்தை நிறுத்தக் காரணம் அறியாமை என்று கூட்டத்தில் சொல்லியிருப்பேன். நேரில் அமர்ந்து கேட்டபோது வேறாக இருந்தது. அவர் என்னுடைய ஒவ்வொரு சொல்லையும் நம்பி, அவை ஒன்றையொன்று அடித்துக்கொள்வதைக் கண்டு, அறிவுள்ள எவரும் செய்வதையே செய்திருக்கிறார். அவருக்குப் பச்சிலை கட்டிவிட்ட வைத்தியர் எதையும் உறுதிபடச் சொல்லி அடிக்கோடு இட்டிருக்கமாட்டார்.

"முதல்முறை நான் எழுதியது தவறு அம்மா" என்றேன். "நோய் இல்லை என்று எழுதியிருக்கக் கூடாது. இந்தச் சோதனையில் தெரியவில்லை என்றுதான் எழுதியிருக்க வேண்டும்."

"இப்ப தெரியுமா?"

"தெரியாது."

ஏழுமலை பதறிப்போனார். "இன்னா சார், தெரியாமயா இம்மாந்தூரம் வந்தீங்க?"

அஞ்சலாட்சி அவரைக் கையமர்த்தினார். "அவரு பேசட்டும்."

படையின் வேலை என்றே நினைக்கிறேன், உறுதி இல்லை. வளர்ப்புச் சோதனையின் முடிவு வர இன்னும் நான்கு வாரமாகும். நான் நினைப்பது சரியென்றால் மாத்திரையை நிறுத்துவது கேடு. நான் நினைப்பது தவறென்றாலும் அதுவரை மாத்திரையை விழுங்குவதால் பெரும் இழப்பில்லை. முடிவு வந்த அன்றே மருந்தை மாற்றுவேன். கட்டி மூச்சை அடைப்பதுபோல் பெருத்தாலோ, விழுங்க முடியாமற் போனாலோ அந்த நிமிடமே வர வேண்டும். இவ்வளவுதான் சொன்னேன். இதில் தூய தமிழ் என்று பெருமைப்பட எதுவும் இல்லை.

அஞ்சலாட்சி கையிலிருந்த மல்லாட்டையைக் கீழே வைத்தார். பிறகு உள்ளே போய்த் தம் சிகிச்சை அட்டையைக் கொண்டுவந்து என் முன் வைத்தார்.

"தெரியாதுன்னு சொன்னீங்க பாரு, அத்த இதுல எழுதிக் குடுங்க. கையெழுத்தும் போடுங்க. இல்லன்னு எழுதத் தெரிஞ்சிதில்ல? இத்தயும் எழுதுங்க."

என் பணிக்காலத்தில் எந்தக் குறிப்பேட்டிலும் நான் எழுதியிராத சொல் அது. அட்டையில் அதற்கெனக் கட்டமும் இல்லை. ஓரத்தில் எழுதினேன்: 'இவ்வீக்கம் உடலின் எதிர்ப்பால் வந்ததா, கிருமி வளர்வதால் வந்ததா என எனக்கு இன்று தெரியாது. முடிவு வரும்வரை மருந்தை நிறுத்தக் கூடாது என்பது என் துணிபு.' அவர் எழுத்துக்கூட்டி வாசித்தார். துணிபு என்றால் என்ன என்று கேட்டார். நான் நினைப்பது என்றேன். அப்படியானால் அப்படியே எழுதலாமே என்றார். அடித்துவிட்டு, 'என்று நினைக்கிறேன்' என எழுதிக் கையொப்பமிட்டேன்.

"தண்ணி கொண்டா" என்று கணவரிடம் சொல்லிவிட்டு, அன்றைய மாத்திரைகளை உறையிலிருந்து பிதுக்கி, ஒவ்வொன்றாக எங்கள் கண்முன் விழுங்கினார். டப்பாவில் உள்ளவற்றையும் சேர்த்து இப்போதே கொடுத்துவிடலாமா என்று ஏழுமலை கேட்டார். செவிலி டப்பாவைப் பிடுங்கித் தம் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அந்த நான்கு வாரங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும்படி ஏதுமில்லை. நாள்தோறும் காலையில் செவிலி அவரிடம் தொலைபேசியில் பேசுவார்; குரலைக் கேட்பார்; திரையின் பச்சையை நம்புவதை அடியோடு விட்டுவிட்டார். கட்டி மேலும் பெருத்தது. ஒருநாள் உடைந்து சீழ் வடிந்தது. ஏழுமலை அழைத்து, "சார், அட்டைல எழுதுன மாதிரியே தெரியாமத்தான் கீதா இன்னும்?" என்று கேட்டார். ஆம் என்றேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் நினைத்தது தவறானால், அந்த அம்மையாரை இருமுறை ஏமாற்றியவனாவேன். இரண்டாம் முறை கையொப்பத்தோடு.

ஆறாம் வார இறுதியில் ஆய்வகத்திலிருந்து முடிவு வந்தது. வளர்ச்சி இல்லை. கட்டிக்குள் இருந்தவை அனைத்தும் பிணங்கள். செவிலியிடம் தாளைக் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு, பெருமுக்கல்லுக்குத் தாமே சொல்வதாகச் சொல்லித் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். உள்ளே வரும்போது கண்களைத் துடைத்திருந்தார். அதற்குள் நிருவாகத்திடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. நோயாளியின் அட்டையில் மருத்துவரின் தகுதிக்குப் பொருந்தாத பதிவு ஒன்று இருப்பதாகவும், ஏழு நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டுமெனவும். பதிவு உண்மையாக இருந்தது என விளக்கம் எழுதினேன். அதை ஏற்கலாமா என ஆராய மூவர் குழு அமைந்ததாகக் கேள்வி. நான் ஓய்வு பெறும்வரை அக்குழு கூடவில்லை.

மேலும் சில மாதங்களில் அஞ்சலாட்சியின் மருந்துக்காலம் முடிந்தது. கழுத்தில் ஒரு தழும்பு, எடை ஏறியிருந்தது, அவ்வாண்டு மல்லாட்டையைத் தாமே நின்று பிடுங்கியதாகச் சொன்னார். விதிப்படி அட்டையைத் திரும்பப் பெற்றுக்கொள்ள எழுத்தர் கைநீட்டினார். அவர் கொடுக்கவில்லை. மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார்.

"அது எங்கிட்டயே இருக்கட்டும்" என்றார் என்னிடம். "நாளிக்கி வேற எந்த டாக்டராச்சும் அடிச்சிப் பேசுனா, இத்தக் காட்டி, தெரியலன்னா மொதல்ல இந்த மாதிரி எழுதிக் குடுன்னு கேக்கறதுக்கு."

எழுத்தர் பதிவேட்டில் 'அட்டை திரும்பப் பெறப்படவில்லை' என்று குறித்துக்கொண்டார். அந்த அம்மையார் இன்றும் நலமாக இருக்கிறார். ஊரில் எவருக்கு நோய் வந்தாலும் அந்த அட்டையோடு மருத்துவமனைக்குத் துணை போகிறார் என்று கேள்விப்படுகிறேன். பெருமுக்கல் இப்போது உங்கள் எல்லைக்குள் வருகிறது. அட்டையை நீட்டினால், எழுதிக் கொடுங்கள்.